வயது வந்தோர்க்குப் பல்வரிசைச் சீரமைப்பு: சிக்கலான ஒரு நிலை உணர்த்துபவை

கோணலான பல்வரிசையைக் கம்பி கட்டி நேராக்கும் சிகிச்சை சிறுவர்க்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் நம் மக்களிடையே ஆழப் பதிந்துள்ளது. தமிழ்நாட்டில் 'கிளிப் போடுதல்' என்றும், திருவனந்தபுரத்தில் 'கம்பியிடல்' என்றும் பேச்சில் வழங்கும் இதனைப்பற்றி நாற்பது வயது கடந்த ஒருவர் வினவினால், 'இனி எதற்கு?' என்னும் விடையே அவருக்கு வீட்டிலும் வெளியிலும் கிடைக்கிறது. இவ்விடை பிழையானது. எனினும், 'எந்த வயதிலும் செய்துகொள்ளலாம்' என்று கூறி அத்துடன் நிறுத்திவிடுவதும் பாதி உண்மையே ஆகும். எந்த வயதிலும் பல் நகரும். ஆனால் அது நின்றுகொண்டிருக்கும் நிலம் எந்நிலையில் உள்ளது என்பதை அறியாமல் அதை நகர்த்தத் துணிந்தால், நேரான வரிசை கிடைப்பதற்கு முன்னரே பல்லை இழக்க நேரிடும். கிராமங்களில் பணியாற்றும் சுகாதார ஊழியர்களும் ஆசிரியர்களும் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம். ஏனெனில், மருத்துவரை நாடுமுன் மக்கள் கருத்துக் கேட்பது பெரும்பாலும் இவர்களிடமே.

திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி 1951இல் தொடங்கப்பெற்றது. அதன் பல் மருத்துவப் பிரிவாக 1959இல் தோன்றி, பின்னர்த் தனி நிறுவனமாக வளர்ந்ததே அரசு பல் மருத்துவக் கல்லூரி. சிகிச்சைக்காக இந்நகரை நாடுவோருள் நகர மக்களேயன்றி, எல்லைக்கு அப்பாலுள்ள களியக்காவிளை, மார்த்தாண்டம், செங்கோட்டைப் பகுதித் தமிழரும் உளர். தம் ஊரிலிருந்து புறப்படுமுன் இவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. அவற்றை ஒரு நிலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவோம். இங்குக் கூறப்படுபவர் தனி மனிதர் ஒருவர் அல்லர். பலரிடம் பரவலாகக் காணப்படும் குறிகளை ஒருவரிடம் சேர்த்து உரைக்கின்றோம்.

நாற்பத்திரண்டு வயதுள்ள பெண்மணி ஒருவர் வருவதாகக் கொள்வோம். அவருடைய முறையீடு ஒன்றே: மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்துவிட்டது, பற்கள் முன்னோக்கித் தூக்கிக்கொண்டு வருகின்றன. திருமணத்தின்போது எடுத்த புகைப்படத்தில் அவ்விடைவெளி இல்லை. அதை அடைத்து, பழைய வரிசையைத் தந்துவிட்டால் போதும் என்கிறார்.

பார்வைக்கு இஃது அழகு குறித்த ஒரு சிறு குறைபோலத் தோன்றும். உண்மையில் இது நோயின் அறிகுறி. இளமையில் நெருங்கி நின்ற முன்பற்கள் நடுவயதில் விலகத் தொடங்கினால், முதலில் ஐயுற வேண்டியது ஈறு நோயையே. ஈற்றின் அடியில் பற்காரை படிந்து, அழற்சி வேர் வரை இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறது. தாங்குதல் குறைந்த பல், நாவும் உதடும் கீழ்ப்பற்களும் தரும் அன்றாட அழுத்தத்திற்கே இடம்பெயர்ந்து விடுகிறது. வலி பெரும்பாலும் இருப்பதில்லை. பல் துலக்கும்போது சிறிது இரத்தம் கசிவதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே, நோயாளி காணும் முதல் அடையாளம் அந்த இடைவெளியாகவே அமைந்துவிடுகிறது.

அப்பெண்மணியின் வாயை முழுமையாக நோக்கினால் வேறொரு வரலாறும் வெளிப்படும். இருபதாம் வயதையொட்டிக் கீழ்த்தாடையின் வலப்புறத்து முதற் கடைவாய்ப் பல் சொத்தையால் எடுக்கப்பட்டது. அவ்விடத்தில் மாற்றுப் பல் வைக்கப்படவில்லை. 'உள்ளே இருப்பதுதானே, யார் பார்க்கப் போகிறார்கள்' என்று விட்டுவிட்டார்கள். வெற்றிடம் வெற்றிடமாக நிற்பதில்லை. பின்னாலுள்ள இரண்டாம் கடைவாய்ப் பல் அதனை நோக்கி முன்புறமாகச் சாய்ந்தது; எதிரே மோதுவதற்குப் பல் இல்லாமையால் மேல் கடைவாய்ப் பல் கீழே இறங்கியது. மெல்லுவதற்குரிய பின்புறத் தாங்கல் தளர்ந்தபின், கடி ஆழமாகி, கீழ் முன்பற்களின் விளிம்பு மேல் முன்பற்களின் பின்புறத்தை ஒவ்வொரு வேளை உணவின்போதும் இடித்துத் தள்ளியது. இருபது ஆண்டுகளுக்கு முன் வலப்புற மூலையில் நேர்ந்த இழப்பு, இன்று முன்வரிசையில் வந்து நிற்கிறது.

இத்தகைய நோயாளிக்கு முன்பற்களில் மட்டும் கம்பியைப் பூட்டி, இரப்பர் நாடாவால் இழுத்து இடைவெளியை அடைப்பது சில வாரங்களில் முடிந்துவிடும் காரியம். அவ்வாறு செய்யப்பட்டு, சில திங்களில் பற்கள் ஆடத் தொடங்கி, பின்னர்ப் பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்வோரும் உண்டு. எங்கே பிழை நேர்ந்தது என்பதை உணர, பல் எவ்வாறு நகர்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பல் எலும்பில் ஆணிபோல் நேராக அறையப்பட்டிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு சவ்வு உண்டு. நுண்ணிய நார்களும் இரத்தக் குழாய்களும் நிறைந்த அச்சவ்வே பல்லைத் தொங்க வைத்துத் தாங்குகிறது. பல்லை ஒரு திசையில் மெதுவாகத் தள்ளினால், அத்திசையில் சவ்வு நசுங்குகிறது; எதிர்த்திசையில் நார்கள் இழுபடுகின்றன. நசுங்கும் பக்கத்தில் எலும்பை அரிக்கும் உயிரணுக்களும், இழுபடும் பக்கத்தில் எலும்பைக் கட்டும் உயிரணுக்களும் தோன்றுகின்றன. ஒருபுறம் அரித்து மறுபுறம் கட்டுவதால் வேர் தன் குழியுடனேயே இடம்பெயர்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்ல் சாண்ட்ஸ்டெட் என்னும் ஆய்வாளர் நாய்களின் பற்களை நகர்த்தி, அத்திசுக்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்து இதனைக் காட்டினார்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. மிகுந்த விசையைச் செலுத்தினால் பல் விரைந்து நகரும் என்றே பொது அறிவு கருதும். நிகழ்வதோ அதற்கு மாறானது. விசை மிகுந்தால் சவ்வின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் முற்றிலும் அடைபட்டு, அப்பகுதி உயிரற்றுப் போகிறது. அரிக்கும் உயிரணுக்கள் அங்கு வர இயலாமல், எலும்பின் உட்புறத்திலிருந்து குடைந்து வரவேண்டியுள்ளது. அதுவரை பல் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும், வலி மிகும், வேர் நுனி தேயவும் இடமுண்டு. 1932இல் ஷ்வார்ட்ஸ் என்பவர், தகுந்த அழுத்தம் நுண்குழாய்களின் இரத்த அழுத்தத்தை ஒட்டி, சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் வரை இருத்தல் வேண்டும் என்று உரைத்தார். அந்த எண் இன்று சொல்லுக்குச் சொல் பின்பற்றப்படுவதில்லை. ஆயினும் மெல்லிய விசையே சிறந்தது என்னும் கருத்து நிலைத்துவிட்டது. நன்கு நடைபெறும் சிகிச்சையில் பல் திங்களுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது.

இவ்விதி சிறுவர்க்கும் பெரியவர்க்கும் ஒன்றே. பெரியவரிடம் உயிரணுக்கள் விழித்தெழச் சற்றுக் காலம் கூடுதலாகலாம், அவ்வளவே. பெரிய வேறுபாடுகள் இரண்டு. முதலாவது, தாடையின் வளர்ச்சி முடிந்துவிட்டது. பன்னிரண்டு வயதுச் சிறுவனின் பின்தங்கிய கீழ்த்தாடையை வளர்ச்சியின் துணைகொண்டு ஓரளவு திருத்தலாம். நாற்பதில் அத்துணை இல்லை. தாடை எலும்புகளின் பொருத்தமே மாறுபட்டிருப்பின், பற்களை மட்டும் நகர்த்தி அதனை ஓரளவு மறைக்கலாம். அல்லது ஸ்விட்சர்லாந்தின் ஹியூகோ ஓப்வேகெசர் 1950களில் வகுத்த முறைவழி வளர்ந்த தாடை அறுவையை நாடலாம். நம் எடுத்துக்காட்டில் தாடைகள் பொருந்தியே உள்ளன. ஆகவே இதனை இம்மட்டில் விடுவோம்.

இரண்டாவது வேறுபாடே நமக்கு முதன்மையானது: எலும்பு குறைந்திருத்தல். சங்குமுகம் கடற்கரையில் அலை மணலை அரித்துச் சென்ற காட்சியைப் பலரும் கண்டிருப்பர். மணல் மூடியிருந்தபோது எக்காற்றுக்கும் அசையாத தென்னை, அடிமணல் பாதி கரைந்தபின் அதே காற்றுக்குச் சாய்ந்துவிடுகிறது. காற்று மிகவில்லை, பிடிப்பு இறங்கிவிட்டது. பல்லும் அவ்வாறே. எலும்பு முழுமையாக உள்ள பல்லின் தலையில் செலுத்தும் விசை அதனைச் சற்றே சாய்க்கும். பாதி எலும்பை இழந்த பல்லின் தலையில் அதே விசையைச் செலுத்தினால், தாங்கும் மையம் வேர் நுனியை நோக்கி விலகிவிட்டமையால், நெம்புகோல் நீண்டு சாய்வு மிகுகிறது. தாங்கும் பரப்புச் சுருங்கியதால் அழுத்தமும் கூடுகிறது. ஆகவே, விசையின் அளவைக் குறைத்தல் வேண்டும். வேரையும் உடன் நகர்த்துமாறு எதிர்த்திருப்பு விசையைக் கம்பியில் அமைத்தலும் வேண்டும். முன்பற்களை எலும்பினுள் மெல்ல ஏற்றுவதற்குப் பல் ஒன்றுக்கு 10 முதல் 20 கிராம் விசையே போதும் என்பர். இரண்டு பத்து ரூபாய் நாணயங்களின் எடை ஏறக்குறைய 15 கிராம் என்பதை நினைத்தால், இஃது எவ்வளவு மென்மையான வேலை என்பது விளங்கும்.

ஆயினும், விசையைப்பற்றி எண்ணுவதற்கு முன்னரே முடிக்கவேண்டிய பணி ஒன்று உண்டு. ஈற்றில் அழற்சி இருக்கையில் பல்லை நகர்த்தினால், அழற்சியும் நகர்த்தலும் சேர்ந்து எலும்பை மேலும் அழிக்கும். அழற்சி அடங்கி, ஈறு நலமுற்றபின் நகர்த்தினால், எலும்பு குறைந்த பற்களும் மேலும் இழப்பின்றி இடம்பெயர்கின்றன. வயது வந்தோர் சிகிச்சையில் கற்ற பாடங்களுள் முதலிடம் பெறத்தக்கது இதுவே என்பது எம் கருத்து. எனவே, அப்பெண்மணிக்கு முதலில் கட்டப்படுவது கம்பியன்று. காரை அகற்றி, வேரின் மேற்பரப்பைத் துப்புரவு செய்து, தேவைப்படின் ஈற்று அறுவையும் செய்து, பின்னர் மூன்று முதல் ஆறு திங்கள் பொறுத்திருந்து, ஈற்றுப் பைகளின் ஆழம் மீண்டும் அளக்கப்படுகிறது. நலமான ஈற்றில் இவ்வாழம் மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாது. அளவுகோல் பட்டவுடன் இரத்தம் கசியுமாயின், கம்பி இன்னும் காத்திருக்க வேண்டும். நோயாளிக்கு இக்காலம் வீண்போலத் தோன்றும். 'கம்பி போட வந்தேன். பல்லைக் கழுவியே அனுப்புகிறார்கள்' என்று அவர் ஊரில் குறைகூறினால், கேட்போர் அதன் காரணத்தை எடுத்துரைத்தல் நன்று.

நீரிழிவு பற்றியும் இவ்விடத்திலேயே கூறவேண்டும். இந்நோய் மிகுந்துள்ள மாநிலங்களுள் கேரளம் முன்வரிசையில் நிற்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவரிடம் ஈறு நோய் விரைந்து பரவும்; ஆறுவதும் தாமதமாகும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை இயல்பை ஒட்டிய பின்னரே பல்லை நகர்த்தத் தொடங்குவர். எலும்பு மெலிவுக்காக 'பிஸ்பாஸ்போனேட்' வகை மருந்து உண்போர் அதனை மறவாமல் தெரிவித்தல் வேண்டும். அம்மருந்து எலும்பை அரிக்கும் உயிரணுக்களையே முடக்குவது. ஆதலால் பல் நகர்வது மந்தமாகும். பல் பிடுங்க நேர்ந்தால் தாடை எலும்பு ஆறாமற்போகும் அபாயமும் உண்டு. புகைப்பழக்கமும் புகையிலை மெல்லுதலும் ஈற்றின் பகைவர் என்பது யாவரும் அறிந்ததே.

அடுத்து, இலக்கை வரையறுத்தல். சிறுவரிடம் எல்லாப் பற்களையும் முழுமையான ஒழுங்கிற்குக் கொணர முயல்வது இயல்பு. 1899இல் அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கிள் வகுத்த பாகுபாட்டின்படி, மேல், கீழ் முதற் கடைவாய்ப் பற்கள் பொருந்துவதே ஒழுங்கின் அடிப்படை. ஆனால் நம் பெண்மணியிடம் அக்கடைவாய்ப் பல்லே இல்லை. இரண்டாம் கடைவாய்ப் பல்லை முழுத்தொலைவும் முன்னிழுத்து வெற்றிடத்தை மூடலாமா? நெடுநாள் பல்லின்றிக் கிடந்த எலும்பு மெலிந்து குறுகிவிடுகிறது. அவ்வழியே பெரிய வேர்களை இழுப்பது நீண்ட காலமும் இடரும் உடையது. சாய்ந்த பல்லை நிமிர்த்தி நிறுத்தி, வெற்றிடத்தை அளவாகத் திறந்து, அங்குச் செயற்கைப் பல் வைப்பதே பெரும்பாலும் தக்க வழி. நிமிர்த்துவதற்கு ஆறு திங்கள் முதல் ஓராண்டு வரை ஆகலாம். முழு ஒழுங்கை விட்டு, மெல்லவும் துலக்கவும் காக்கவும் ஏற்ற ஒழுங்கைத் தேர்வதைக் குறைபாடாகக் கருதலாகாது.

இனி, எதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு இழுப்பது? கோவளம், வலியதுறைக் கரைகளில் கரைவலை இழுப்போரைக் காண்க. கயிற்றைப் பற்றியவர் குதிகாலை மணலில் ஊன்றுகிறார். ஊன்றுதல் உறுதியாயின் வலை வரும். இல்லையேல் இழுப்பவரே கடலை நோக்கிச் சறுக்குவார். ஒரு பல்லை இழுக்க மற்றொரு பல்லைப் பற்றினால், பற்றிய பல்லும் எதிர்த்திசையில் நகரவே செய்யும். பற்கள் குறைந்து, உள்ளவையும் தளர்ந்துள்ள பெரியவரிடம் ஊன்றுவதற்கு உறுதியான இடம் அரிது. இக்குறையைத் தீர்க்க வந்தவையே சிறு திருகாணிகள். ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டிய விட்டமும், ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் நீளமும் கொண்ட இவை, மரப்பூசி இட்டு நேரே தாடை எலும்பில் செலுத்தப்படுகின்றன. ஜப்பானின் கனோமி 1997இல் இதுபற்றி எழுதியபின் இம்முறை விரைந்து பரவிற்று. கீழிறங்கிய மேல் கடைவாய்ப் பல்லை மீண்டும் மேலே ஏற்றுவது முன்னர் மிகக் கடினமாயிருந்தது, இத்திருகாணிகளால் எளிதாயிற்று. சில தளர்ந்து கழன்றுவிடுவதும் உண்டு. அப்போது வேறிடத்தில் செலுத்துவர். பணி முடிந்ததும் எடுத்துவிடுவர்.

கம்பியின் வரலாறும் சுவையானது. ஆங்கிள் 1928இல் வெளியிட்ட அமைப்பில், செவ்வகக் கம்பி ஒன்று பல்லின்மேல் பொருத்திய பிராக்கெட்டின் பள்ளத்தில் அமர்ந்து, பல்லின் தலையையும் வேரையும் ஒருங்கே ஆளும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பெக் என்பவர் 1950களில் மெல்லிய வட்ட எஃகுக் கம்பிகளால் மென்விசை முறையை அமைத்தார். இந்தியக் கல்லூரிகளில் அது நெடுங்காலம் பயிற்றப்பட்டது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் வில்லியம் புயூலர் நிக்கலும் டைட்டேனியமும் கலந்த 'நிட்டினால்' என்னும் உலோகத்தைக் கண்டார். வளைத்தாலும் தன் பழைய வடிவை நாடும் இயல்புடையது அது. 1970களில் ஆன்ட்ரியாசென் அதனைப் பல் சிகிச்சைக்குக் கொணர்ந்தார். எஃகுக் கம்பியை மிகுதியாக வளைத்துப் பூட்டினால் முதலில் கடும்விசையும் பின்னர் வெறுமையுமே கிட்டும். நிக்கல் டைட்டேனியக் கம்பியோ வாரக்கணக்கில் ஏறத்தாழ ஒரே மென்விசையைத் தருகிறது. எலும்பு குறைந்தவர்க்கு இஃது எத்துணைப் பயன் என்பது சொல்லாமலே விளங்கும். இன்னொரு செய்தியும் உண்டு. டைட்டேனியத்தின் தாதுவான இல்மனைட் கொல்லத்தை அடுத்த சவறாக் கடற்கரையின் கருமணலில் மிகுந்துள்ளது. கொச்சுவேளியில் 1946இல் நிறுவப்பெற்ற தொழிற்சாலை வெண்ணிறப் பொடியான டைட்டேனியம் டையாக்சைடைச் செய்வது. உலோகமாகப் பிரிக்கும் ஆலையோ 2011இல் சவறாவில் தொடங்கப்பெற்றது. விண்கலத்திற்கு வேண்டிய உலோகமும், வாயினுள் மயிரிழைபோல் கிடக்கும் கம்பியின் ஒரு பாதியும் ஒரே இனத்தவை.

கம்பி பூட்டியபின் துலக்குதல் கடினமாகிறது. உணவு பிராக்கெட்டுகளைச் சுற்றித் தங்கும். ஈறு நோய் முன்னர் இருந்தவர்க்கு மூன்று திங்களுக்கு ஒருமுறையேனும் தொழில்முறைத் துப்புரவு தேவை. கம்பியை இறுக்கும் நாளுடன் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. ஈற்றில் நோய் மீண்டும் தலைகாட்டி அடங்காவிடில், நகர்த்தலை நிறுத்தி வைப்பதும், வேண்டுமாயின் கம்பியைக் கழற்றுவதும் அறிவுடைமை. இடையிடையே எக்ஸ்-ரே எடுத்து வேர் நுனியைக் கவனிப்பர். சிறிதளவு தேய்வு ஏறக்குறைய எல்லோரிடமும் நிகழ்வது. மிகுதியாகத் தேய்வது அரிது. ஆனால் எலும்பு ஏற்கெனவே குறைந்தவர்க்கு வேரின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் விலையுடையது.

முழுச் சிகிச்சைக்கு இரண்டு ஆண்டோ அதற்குச் சற்று மேலோ ஆகலாம். முடிவில் பற்கள் ஒழுங்கில் நிற்கும்போது, பெண்மணி எதிர்பாராத ஒன்றைக் காண்பார்: முன்பற்களுக்கு இடையே, ஈற்றை ஒட்டி, சிறு கருமுக்கோணங்கள். இவை சிகிச்சையின் பிழையால் வந்தவை அல்ல. இரு பற்கள் தொடும் புள்ளிக்கும் கீழுள்ள எலும்புக்கும் தொலைவு ஐந்து மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஈறு அவ்விடத்தை நிரப்பும். மிகுந்தால் நிரப்பாமல் விடும் என்று 1992இல் டார்னோவும் அவருடன் பணியாற்றியோரும் காட்டினர். இழந்த எலும்பைக் கம்பி மீட்பதில்லை. பக்க விளிம்புகளைச் சற்றே தேய்த்து நெருக்கியும், பல் நிறப் பசையால் வடிவு திருத்தியும் அவற்றைக் குறைக்கலாம். இதனைத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் நோயாளி ஏற்றுக்கொள்வார். முடிவில் சொன்னால் சாக்குப்போக்காகவே கொள்வார்.

கம்பியைக் கழற்றும் நாளைச் சிகிச்சையின் கடைசி நாளாக எண்ணுவோர் பலர். வேர்ச்சவ்வு ஒழுங்குபெற மூன்று நான்கு திங்கள் ஆகும். ஈற்றின் மீள்தன்மையுள்ள நார்கள் ஓராண்டு வரையிலும் பல்லைப் பழைய இடத்திற்கு இழுத்துக்கொண்டிருக்கும். எலும்பு குறைந்த பற்களுக்கு இவ்வரையறையும் பொருந்தாது. அவற்றின் பின்புறத்தில் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்றை ஒட்டிக் காலமெல்லாம் விட்டுவைப்பதே வழக்கம். அது ஒரு பல்லில் விட்டுப்போனாலும் நோயாளிக்கு உடனே தெரிவதில்லை. அந்த ஒரு பல் மட்டும் மெல்ல விலகும். ஆகவே, ஆறு திங்களுக்கு ஒருமுறை காட்டுதல் வேண்டும். தொலைவிலிருந்து வருவோர்க்குச் சுகாதார ஊழியர் இதனை நினைவூட்டுவது பெரிய உதவி.

அத்தகையோரை அனுப்பும்போது சீட்டில் குறிக்கத்தக்கவை: நீரிழிவு உண்டா, உண்ணும் மருந்துகள் யாவை, புகையிலைப் பழக்கம், எடுக்கப்பட்ட பற்கள், துலக்கும்போது இரத்தக்கசிவு, இடைவெளி எப்போது தோன்றியது என்பன. பழைய புகைப்படம் ஒன்றை எடுத்துச்செல்லச் சொன்னால், பல் எவ்வளவு விலகியது என்பதை மருத்துவர் நேரிற் காண்பார்.

ஆசிரியர்க்கு இன்னொரு செய்தி. இப்பெண்மணி இழந்த முதற் கடைவாய்ப் பல் ஏறக்குறைய ஆறாம் வயதில், பாற்பற்கள் எவையும் விழாதபோதே அவற்றின் பின்னால் முளைக்கிறது. முன்பு அங்கிருந்த பல் எதுவும் விழாமையால் பெற்றோர் இதனையும் பாற்பல்லெனக் கருதி, சொத்தை விழுந்தால் 'விழுந்து முளைக்கும்' என்று விட்டுவிடுகின்றனர். அது விழுந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதல் வகுப்புப் பிள்ளை வாயைத் திறக்கும்போது, பின்புறத்திலிருந்து எண்ணி, இருபது பாற்பற்களுக்கு அப்பால் புதிதாகத் தலைகாட்டும் பெரிய பல் நான்கும் அவையே.